விருந்துத் தண்ணீர்

மாசி பிறந்ததும் மாயம்மாளின் தென்னந்தோப்பில் சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை ஊன்றிவிட்டுப் போனார்கள். எதற்கு என்று கேட்டபோது, சர்வே ஆட்களில் ஒருவன் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே, "இங்கதான் ஜெயில் கட்டப் போறாங்க" என்றான். ஏதோ கேலி பேசுகிறான் என்று அவள் நினைத்தாள்.

கேலி இல்லை. திண்டுக்கல் ஊருக்குள் இருந்த பழைய சிறை போதவில்லை என்று, புதிதாக ஒன்று கட்டச் சர்க்கார் பணம் ஒதுக்கியிருந்தது. அந்தப் பணத்தில் நிலத்துக்கான பங்கையாவது மார்ச் முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும்; இல்லாவிட்டால் எல்லாம் வந்த வழியே சென்னைக்குத் திரும்பிவிடும். இடம் தேடியவர்கள் முதலில் தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்த பக்கம் போய்ப் பார்த்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்கள். ரயில் பாதைக்கு அப்பால் பார்த்த இடம் விலை கட்டவில்லை. மூன்றாவதாக வந்து நின்றது கரட்டுப்பட்டி. சின்னாளப்பட்டிக்கு முன்னால், மதுரை சாலையை ஒட்டிய சின்ன ஊர். மேய்ச்சல் புறம்போக்கு பரந்து கிடந்தது, விலை கொடுக்க வேண்டியதில்லை. புறம்போக்குக்கும் சாலைக்கும் நடுவே மாயம்மாளின் மூன்று ஏக்கர் மட்டும்தான் பட்டா நிலம். அதை வாங்காமல் சிறைக்கு வாசல் வைக்க முடியாது.

நிலம் அவள் அப்பன் விட்டுப்போனது. ஒரே மகள் என்பதால் ஆத்தூர்ப் பக்கத்து உடையப்பனை வீட்டோடு மாப்பிள்ளையாகக் கொண்டுவந்து கட்டிவைத்திருந்தார்கள். தென்னங்கன்றுகளை இருவரும் சேர்ந்து வைத்தார்கள். நான்கு வருஷமாகத்தான் காய்ப்பு. பிள்ளை இல்லாத வீட்டில், கடைசிக் காலத்துக்குச் சோறு போடப் போவது இந்த மரங்கள்தான் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். சர்க்கார் தருகிற நஷ்டஈட்டில் வேறு எங்கே போய்க் காய்த்த மரத்தை வாங்குவது?

கரட்டுப்பட்டியில் தென்னை வருவதற்கும், வேறு ஒன்றும் உருப்படியாக வராததற்கும் காரணம் ஒன்றுதான். தண்ணீர் உப்பு. ஊரில் எந்தக் கிணற்றிலும் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. குடிக்க வேண்டுமானால் சிறுமலை அடிவாரத்துச் சுனைக் கிணற்றுக்கு நடக்க வேண்டும். போக ஒரு மைலுக்கு மேல். வரும்போது குடம் நிறைந்திருக்கும் என்பதால் அது இன்னும் தூரம்.

இது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தெரியாமல் ஊர் பார்த்துக்கொண்டது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள் என்றால், விடிவதற்குள் வண்டியில் பீப்பாய் ஏற்றிச் சுனைத் தண்ணீர் கொண்டுவந்துவிடுவார்கள். குடிக்கவும் சமைக்கவும் அதுதான். கை கழுவ வைக்கிற சொம்பில்கூட அதுதான். விருந்துத் தண்ணி என்று அதற்குப் பெயர். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒவ்வொருத்தியும் வந்த மறுநாள்தான் உண்மையை வாயில் வைத்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கே மகன் வளர்ந்து பெண் தேடும் வயது வந்ததும், வண்டி கட்டச் சொல்லி முதல் ஆளாக அவளே நின்றாள்.

சிறை வேண்டாம் என்று மனு எழுத ஊர் சாவடியில் கூடியது. எழுதியவர் கிராம முன்சீப் முத்துச்சாமி. தீர்வை வசூலிப்பதும் அதிகாரிகளுக்கு ஊர் சார்பாகப் பதில் சொல்வதும் அவர் வேலை. மாயம்மாளுக்குப் பங்காளி முறையில் அண்ணன். எழுதியதை உரக்க வாசித்தார். ஆடுமாட்டுக்கு மேய்ச்சல் போய்விடும். அம்மன் ஊர்வலம் போகிற பாதை அடைபடும். திருடனும் கொலைகாரனும் பக்கத்தில் இருந்தால் பெண்டு பிள்ளைகள் காட்டுக்குப் போய்வர முடியாது.

வாசலோரம் பெண்களோடு நின்ற மாயம்மாள், "தண்ணியப் பத்தி ஒண்ணும் காணமேண்ணே" என்றாள்.

"தண்ணிக்கு என்ன தாயி?"

"என்னவா? பருப்பு வேகாதுன்னு எழுதுங்க. அம்புட்டுப் பேரை உள்ள வச்சுச் சோறு பொங்கிப் போடணுமில்ல. தண்ணி உப்புன்னு ஒரு வரி போட்டா, அவன் இந்தப் பக்கமே திரும்ப மாட்டான்."

முன்சீப் காகிதத்தை மடித்தார். "ஏத்தா, சர்க்கார் காயிதத்துல ஏறுனா ஏறுனதுதான். நாளைக்கு நெலக்கோட்டை வரைக்கும் தெரியும். ஊருல எத்தனை எளவட்டம் கல்யாணத்துக்கு நிக்கிதுன்னு எண்ணிப் பாத்தியா?"

"என்னைய ஏமாத்துன மாதிரி இனிமே எவனையும் ஏமாத்த முடியாதுங்கறாரு" என்றான் உடையப்பன். எல்லோரும் சிரித்தார்கள். முன்சீப் மட்டும் சிரிக்கவில்லை. அவர் மகன் அழகருக்கு நிலக்கோட்டைப் பூ வியாபாரி பொம்மையனின் மகளைப் பேசி, பூ வைக்கிற வரைக்கும் வந்திருந்தது. வைகாசியில் கல்யாணம். பொம்மையன் வந்து பார்த்துவிட்டுப் போன அன்று மூன்று பீப்பாய் வந்து இறங்கியதை ஊரே பார்த்தது.

மனு தண்ணீர் இல்லாமலே போயிற்று.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். ஒருவர் சிறை இலாகாவின் சூப்பிரண்டு. கோயம்புத்தூர்க்காரர், கனத்த உடம்பு, நிதானமான பேச்சு. இன்னொருவர் கட்டடம் கட்டுகிற இலாகாவின் எஞ்சினியர். மெட்ராஸ் பையன், வெயிலுக்கு முகம் சிவந்திருந்தது. மனுவைச் சூப்பிரண்டு ஜீப்பிலேயே படித்து முடித்திருந்தார். "இதே மூணு காரணத்தத்தானுங்க எல்லா ஊர்லயும் எழுதறாங்க" என்றார். "பாதைய ஒதுக்கி விட்டுர்லாம். மேய்ச்சலுக்கு வேற இடம் காட்டிர்லாம். கைதிக்குப் பயந்தா உலகத்துல எங்கயும் ஜெயிலே கட்ட முடியாதுங்களே."

தோப்புக் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். மாசியிலும் தண்ணீர் மேலே நின்றது. எஞ்சினியர் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். "டெஸ்டுக்கு அனுப்பினா ரிசல்ட் வர ரெண்டு மூணு மாசம் ஆகும் சார்."

"மார்ச்சுக்குள்ள நிலத்துக்குப் பணம் குடுக்கணும்ங்க. வந்து எதுக்கு ஆவுது?"

வெயிலில் நிற்பானேன் என்று முன்சீப் இளநீர் வெட்டச் சொன்னார். சூப்பிரண்டு இரண்டு குடித்தார். "மரம் குடிக்கிற தண்ணிதானுங்களே இளநியா வருது. என்ன இனிப்பு!" உடையப்பன் எதையோ சொல்ல வாயெடுத்தான், முன்சீப் பார்த்த பார்வையில் அரிவாளைத் துடைக்கத் தொடங்கினான். எஞ்சினியர் காலிப் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சாப்பாடு முன்சீப் வீட்டில். அதிகாலையிலேயே பீப்பாய் வந்துவிட்டது. சிறை வேண்டாம் என்று மனுப் போட்ட ஊரே, சிறை கட்ட வந்தவர்களுக்கு விருந்துத் தண்ணி கொண்டுவந்து வைத்தது. யாருக்கும் அது விபரீதமாகத் தோன்றவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு உப்புத் தண்ணியா கொடுப்பது? போதாததற்கு, தனக்கு அதிகாரிகளிடம் இருக்கிற செல்வாக்கைக் காட்டலாம் என்று பொம்மையனையும் முன்சீப் வரவழைத்திருந்தார். ஜரிகைத் துண்டோடு அவர் சூப்பிரண்டுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்.

அடுப்படியில் முன்சீப்பின் மனைவி அய்யம்மாளுக்கு ஒத்தாசையாக மாயம்மாள் இருந்தாள். காப்பி போடுவது அவள் பொறுப்பு. வீட்டிலிருந்து கிளம்பும்போதே முந்தானைக்குள் ஒரு சொம்பு தோப்புக் கிணற்றுத் தண்ணீரை மறைத்துக் கொண்டுவந்திருந்தாள். சத்தம் போடாமல் காரியத்தை முடிக்க அவளுக்குத் தெரிந்த வழி அது. ஒரு டம்ளர் காப்பியை மட்டும் அந்தத் தண்ணீரில் போட்டு எஞ்சினியருக்கு அனுப்பினாள். படித்த பையன், நாக்கில் பட்டதும் கேட்பான் என்று நினைத்தாள்.

எஞ்சினியர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு டம்ளரை மரியாதையாகக் கீழே வைத்தார். மெட்ராஸில் அவர் குடித்து வளர்ந்த தண்ணீர் என்னவோ, யார் கண்டார்கள்.

சூப்பிரண்டுக்குப் போனது சுனைத் தண்ணீர்க் காப்பி. அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "எங்கூருச் சிறுவாணி மாதிரியே இருக்குதுங்க. நான் எந்த ஊருக்குப் போனாலும் காப்பியக் குடிச்சுத்தான் தண்ணி பாக்கறது. எழுதிக்குங்க தம்பி, குடிநீர் வசதி நன்று."

எஞ்சினியர் பேனாவைத் திறந்தார்.

மாயம்மாள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொம்மையன் தெரிந்தார். அவருக்குப் பின்னால், வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு அழகர் நின்றான். அவள் மடியில் கிடந்து வளர்ந்த பிள்ளை. பேனா காகிதத்தில் ஓடத் தொடங்கியது.

"ஐயா, அது எங்கூருத் தண்ணி இல்ல" என்றாள்.

அய்யம்மாள் பின்னாலிருந்து முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மாயம்மாள் இழுத்த இழுப்புக்குப் போகாமல், மீதித் தண்ணீரோடு சொம்பைக் கொண்டுபோய்ச் சூப்பிரண்டின் முன்னால் வைத்தாள். "இதுதான் எங்கூருத் தண்ணி. நீங்க பாத்த கெணத்துல எறச்சது. காப்பிக்குப் போட்டது மலையடிச் சொனையில இருந்து வண்டியில வந்துச்சு."

சூப்பிரண்டு கையில் ஊற்றி உறிஞ்சினார். எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை; வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏனுங்க முன்சீப், இத மனுவுல எழுதியிருந்தா நான் வந்தே இருக்க மாட்டேனுங்களே. இவ்வளவு பெரிய காரணத்த வச்சுக்கிட்டு, அம்மன் ஊர்வலம்னு எழுதியிருக்கீங்க?"

முன்சீப் பொம்மையனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொம்மையன் சாப்பிட்டு முடித்து இலையை மடித்தார். "எனக்குத் தெரியும்" என்றார். "கரட்டுப்பட்டி வண்டி பீப்பாயோட மலைப் பக்கம் போனா, அந்த ஊருக்கு மாப்பிள்ளை பாக்க ஆள் வருதுன்னு நெலக்கோட்டைச் சந்தையிலேயே பேசிக்கிருவாங்க. தண்ணி உப்பா இருந்தா என்ன, மாப்பிள்ளை நல்ல பையன்னுதான் ஒத்துக்கிட்டேன்."

முன்சீப்பின் முகம் தெளிந்தது.

"அது தெரியாத மாதிரி இருந்த வரைக்கும் சரி மாமா. இப்பச் சபையில வச்சுச் சொல்லியாச்சு. இதுக்கு மேலயும் கொடுத்தா, தெரிஞ்சே புள்ளையக் கெணத்துல தள்ளிட்டான்னு என் சம்சாரம் தலையில அடிச்சுக்கிருவா." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் எஞ்சினியர் வேறு கணக்கில் இருந்தார். சுனை எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று உடையப்பனைக் கேட்டார். "சார், நல்ல இறக்கம். குழாய் போட்டா பம்பு செட்டே வேண்டாம், தானா வரும். எஸ்டிமேட்ல கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்."

"வேற இடம் தேட நேரம் இல்லைங்க. சேத்துருங்க" என்றார் சூப்பிரண்டு. "குழாயில நல்ல தண்ணி வந்துட்டா மத்ததெல்லாம் சரியான இடந்தான்."

குழாய் என்ற சொல் அடுப்படிக்குள் போய், கொல்லை வழியாக வெளியேறி, ஜீப் கிளம்புவதற்குள் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. வண்டியேறப் போன பொம்மையன் திரும்பி, "குழாய் வரட்டும் மாமா, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிலத்தைக் கட்டாயமாக எடுக்கச் சட்டம் இருந்தது. ஆனால் நோட்டீஸ், விசாரணை என்று அதற்கு ஒரு வருஷம் பிடிக்கும். உரியவள் சம்மதித்துக் கைநாட்டு வைத்தால் நாலைந்து நாளில் முடியும். ஆகவே மார்ச் மாதம் முழுவதும் கரட்டுப்பட்டியில் ஒரே பேச்சுதான்: மாயம்மாள் வைப்பாளா, மாட்டாளா?

சாவடியில் சிறை வேண்டாம் என்று கத்தியவர்களே அவள் வாசலுக்கு வந்தார்கள். முன்சீப் வந்து, "என் மகன் வாழ்க்கையக் கெடுத்தது நீ. அதை நேராக்க வேண்டியதும் நீதான்" என்றார். தவளை தன் வாயால் கெட்டது என்று இளவட்டங்கள் அவள் காதுபடப் பேசினார்கள். ஆண்கள் பேசியதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு ஒச்சாயி வந்ததுதான் அவளை அசைத்தது. எட்டு மாதக் கர்ப்பிணி. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, "ஏக்கா, தென்னை எங்க வச்சாலும் வரும். தண்ணி வருமா? நான் ஒண்ணும் சொல்லலக்கா, சும்மா கேக்கேன்" என்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

மாயம்மாளின் கழுத்தும் குடம் சுமந்த கழுத்துதான். இரண்டு நாள் தோப்பிலேயே கிடந்தாள். மூன்றாம் நாள் உடையப்பனிடம், "வச்சிருவோமா?" என்று கேட்டாள்.

"நெலம் ஒனக்கு. மரத்துக்கு நானும்தான் தண்ணி ஊத்துனேன். ஆனா இந்த ஊருத் தண்ணியக் குடிச்ச வாயால வேண்டாம்னு சொல்ல எனக்கு வரல" என்றான் அவன்.

மார்ச் கடைசி வாரத்தில் எஞ்சினியர் சம்மதப் பத்திரத்தோடு வந்தார். சூப்பிரண்டு வரவில்லை. முன்சீப் மைப்பெட்டியோடு கூடவே வந்தார். பின்னால் ஊர் வந்தது. தோப்பில் கயிற்றுக்கட்டிலைப் போட்டு எஞ்சினியரை உட்கார வைத்தார்கள். அவர் குழாய் வருகிற வழியை வரைபடத்தில் விரலால் காட்டினார். மலையடியில் தொட்டி. அங்கிருந்து வரப்போடு வந்து, ஊருக்குக் கிழக்கே திரும்பி, மதிலுக்குள் போகிறது.

"ஊருக்கு எந்த எடத்துல தம்பி?" என்றாள் மாயம்மாள்.

"என்னது?"

"ஊருக்குக் குழாய். எந்த எடத்துல வைக்கிறீக?"

எஞ்சினியர் வரைபடத்தைப் பார்த்தார். பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை. "இது ஜெயிலுக்குப் போற லைன்மா. ஊர்க் குடிதண்ணி வேற இலாகா. ஜெயில் பணத்துல அதைச் செய்ய முடியாது. ஆடிட்ல கேப்பாங்க."

"வெளிய ஒத்தக் குழாய் வைக்க எம்புட்டு ஆகப் போகுது?"

"செலவு ஒண்ணுமே இல்லை. ஆனா எந்தக் கணக்குல எழுதறது?"

முன்சீப் குறுக்கே வந்தார். "தாயி, முதல்ல குழாய் வரட்டும். பெறகு உள்ள இருக்கற வார்டருகளப் பிடிச்சு நான் வாங்கித் தாரேன். நம்ம ஊருக்காரன் ரெண்டு பேருக்கு அங்க வேலையும் வரும். கைநாட்டை வையி."

"எழுதித் தரட்டும், வைக்கேன். மூணு ஏக்கரையும் குடுக்கேன். ஊருக்கு ஒரு குழாய்னு அந்தக் காயிதத்துல ஒரு வரி போடுங்க தம்பி."

எஞ்சினியர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "சும்மா எழுதிக் குடுத்துக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிடலாம்மா. மேல போனா அந்த வரியை அடிச்சிடுவாங்க. உங்களுக்கு அது தெரியக்கூட தெரியாது." வரைபடத்தை மடித்துக்கொண்டே, "வர்றதுக்கு முன்னால ஆபீஸ்ல தேடிப் பார்த்தேன். இந்த ஊர்ல தண்ணி கஷ்டம்னு இதுவரைக்கும் ஒரு மனுகூடக் கிடையாது. எங்க காகிதத்தைப் பொறுத்தவரை கரட்டுப்பட்டியில நல்ல தண்ணி இருக்கு" என்றார்.

முன்சீப் மைப்பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார்.

மாயம்மாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "அப்ப முதல்ல அந்த மனுவ எழுதுவோம். எங்களுக்குக் குழாய் வந்த பெறகு நீங்க ஜெயிலக் கொண்டாங்க. எடம் தாரேன்."

"மார்ச்சுக்குள்ள ஆகாதும்மா."

"எங்களுக்கு மார்ச்சு இல்ல தம்பி" என்றாள்.

ஜீப் போன பிறகும் ஊர் கலையவில்லை. சிவப்புத் துணிக் குச்சிகளைப் பிடுங்க வேண்டுமா, அரசாங்கச் சொத்தாயிற்றே என்று உடையப்பன் யோசித்துக்கொண்டு நின்றான்.

பணம் திரும்பிப் போயிற்று. அடுத்த வருஷக் கணக்கில் வேறு ஊரில் வேறு இடம் பார்ப்பதாகக் கேள்வி. கரட்டுப்பட்டி தண்ணீருக்காக எழுதிய முதல் மனுவை முன்சீப்பே எழுதினார்; இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆன பிறகு அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. பருப்பு வேகாது என்பதை முதல் வரியாக வைத்தார். பஞ்சாயத்து போர்டிலிருந்து, பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. பொம்மையன் வைகாசியில் தன் மகளை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்தார்.

அந்த வைகாசியில் சுனைக் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. கயிறு ஒன்றுதான். பெண்கள் வரிசையாகக் குடத்தை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அய்யம்மாள், யாரையும் பார்க்காமல், "இந்நேரம் ஜெயிலு எழும்பியிருக்கும். வீட்டு வாசல்ல குழாய் கொட்டும். அம்புட்டும் ஒருத்தி வாயில போச்சு" என்றாள்.

வரிசையில் அடுத்து இருந்தவள் மாயம்மாள். "மதினி, குழாய் மதிலுக்கு உள்ள கொட்டியிருக்கும். நம்ம வெளிய நின்னு சத்தத்தக் கேட்டுக்கிட்டு இருந்திருப்போம்" என்றாள்.

ஒச்சாயி தோளில் கிடந்த கைக்குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

அய்யம்மாள் குடத்தை நிரப்பி முடித்தாள். முறைப்படி கயிற்றை அடுத்தவள் கையில் கொடுக்க வேண்டும். அவள் அதைக் கிணற்று மேட்டுக் கல்லில் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மாயம்மாள் குனிந்து கயிற்றை எடுத்து, தன் குடத்தின் கழுத்தில் சுருக்குப் போட்டாள்.